29 வயதில் தொழில்வழிச் சிகிச்சை முதுமாணிக்கு விண்ணப்பிக்கலாமா? (ஒன்ராறியோ)

மாரிக்குருவி எழுதியது:

வணக்கம். ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். வயது 29. உளவியலில் நான்கு ஆண்டு இளமாணிப் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது ஓர் ஆரம்பப் பாடசாலையில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் வகுப்பில் உதவியாளராக இருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவும் நானும் அவரைக் கைக்குழந்தை போலப் பார்த்தோம். சேர்ட் மாட்டிவிடுவது, சோறு தீத்துவது, முகம் வழித்துவிடுவது எல்லாம் நாங்கள்தான். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

மூன்றாவது கிழமை ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர் (ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட்) வீட்டுக்கு வந்தார். குளியலறை, படிகள், கட்டில் எல்லாவற்றையும் அளந்தார். பிறகு அப்பாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நீங்களாகவே எதைச் செய்ய விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அப்பா நெடுநேரம் பேசவில்லை. கடைசியில், "சேர்ட்டுக்குப் பொத்தான் நானே பூட்ட வேண்டும்" என்றார்.

அவர் பையில் இருந்து ஒரு சாமானை எடுத்தார். மரக் கைபிடி, முனையில் கம்பி வளையம். அதைப் பொத்தான் துளைக்குள் நுழைத்து, பொத்தானைக் கொளுவி, மெல்ல இழுக்க வேண்டும். முதல் பொத்தானுக்குப் பதினொரு நிமிடங்கள் ஆயின. வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் அடுப்புக்கு மேலே இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா இரண்டு தடவை எழும்பினார். இரண்டு தடவையும் அந்தப் பெண் அம்மாவின் மணிக்கட்டில் மெதுவாகக் கை வைத்து இருத்தினார். பொத்தான் ஏறியதும் அப்பா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அடுத்த பொத்தானைத் தேடிக் குனிந்தார்.

அன்றிலிருந்து இந்தப் படிப்பைப் பற்றியே யோசிக்கிறேன். என் கடைசி இரண்டு ஆண்டுப் புள்ளிகள் பி பிளஸ்ஸுக்கும் ஏ மைனஸுக்கும் இடையில் இருக்கின்றன. அது போதுமா? உடற்கூற்றியல் நான் தொட்டதே இல்லை. இயன்மருத்துவத்துக்கும் (பிசியோதெரபி) இதற்கும் என்ன வேறுபாடு என்று அம்மா கேட்டால் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் கல்லூரியில் உதவியாளர் டிப்ளோமா செய்துவிட்டு வரச் சொல்கிறாள் ஒரு தோழி. உள்ளே உண்மையில் என்ன படிப்பிக்கிறார்கள் என்று படித்தவர்கள் யாராவது சொல்வீர்களா?


கொன்றைப்பூ எழுதியது:

தங்கச்சி, அந்தப் பொத்தான் கொளுக்கி என் பையிலும் ஒன்று கிடக்கிறது. பத்து ஆண்டுகளாக ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் வீடு வீடாகப் போய் இந்த வேலையைச் செய்கிறேன். உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். விண்ணப்பியுங்கள்.

வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். என் வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் 41 வயதில் சேர்ந்தார். பட்டத்தைப் பற்றியும் வேண்டாம். கனடாவில் 2008 முதல் இந்தத் தொழிலுக்குள் நுழைவதற்கான படிப்பே முதுமாணிதான். ஆகவே எந்தத் துறையில் இளமாணி படித்தவர்களும் வருகிறார்கள். என்னுடன் இசை படித்தவர் ஒருவர் இருந்தார், இன்று கைக்காயங்களுக்கான சிகிச்சையில் மிகத் தேர்ந்தவர் அவர். ஒன்ராறியோவில் ரொறன்ரோ, மக்மாஸ்டர், வெஸ்டர்ன், குயின்ஸ், ஒட்டாவா என்று ஐந்து பல்கலைக்கழகங்கள் இதைக் கற்பிக்கின்றன. ஒட்டாவாவில் பிரெஞ்சு மொழியில். மற்ற நான்குக்கும் ஓர்பாஸ் என்ற ஒரே விண்ணப்ப வழிதான், வழக்கமாக ஜனவரித் தொடக்கத்தில் மூடிவிடுவார்கள். ரொறன்ரோ உங்கள் கடைசி இரண்டு ஆண்டுகளுக்குச் சமமான பாடங்களின் புள்ளிகளைத்தான் பார்க்கிறது. போட்டி கடுமையானது, உங்கள் புள்ளிகள் எல்லையில் நிற்கின்றன. அதனால் நீங்கள் எழுதும் அறிக்கையும் உங்களுக்குக் கடிதம் தருபவர்களும் மிக முக்கியம்.

நான் முதல் ஆண்டு விண்ணப்பித்தபோது நான்கு இடங்களிலும் இல்லை என்றார்கள். சில மாதங்கள் கழித்து என் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். "மனிதர்களுக்கு உதவ வேண்டும்" என்பதை ஏழு இடங்களில் எழுதியிருந்தேன். எந்த மனிதர், என்ன உதவி, அதில் நான் எதைப் பார்த்தேன் என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த ஆண்டு, எங்கள் கட்டடத்தில் இருந்த பார்வை மங்கிய ஒரு பெரியவர் மின்தூக்கியின் பொத்தான்களை எப்படி அடையாளம் கண்டார் என்பதை மட்டும் எழுதினேன். நீங்கள் மேலே எழுதியிருக்கிறீர்களே பதினொரு நிமிடம், அதை அப்படியே எழுதுங்கள்.

அம்மாவுக்கு இப்படிச் சொல்லுங்கள். அப்பாவின் தோள் எவ்வளவு உயர்கிறது, தடி இல்லாமல் எத்தனை அடி நடக்கிறார் என்பதை இயன்மருத்துவர் பார்க்கிறார். அந்தத் தோளோடு அவர் சேர்ட் போடுகிறாரா, பஸ் ஏறிக் கோவிலுக்குப் போகிறாரா, காசோலையில் கையொப்பம் இடுகிறாரா என்பதை நாங்கள் பார்க்கிறோம். உடலோடு நிற்பதும் இல்லை. மறதி, மனச்சோர்வு, பிள்ளைகளின் எழுத்து, வேலைக்குத் திரும்புவது எல்லாம் இதற்குள் வரும். உளவியல் படித்த உங்களுக்கு இன்னொரு செய்தி: ஒன்ராறியோவில் உளச்சிகிச்சை 2017 இறுதியில் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, அதைச் செய்ய அனுமதி பெற்ற தொழில்களில் எங்களுடையதும் ஒன்று. உங்கள் ஆறு ஆண்டுகள் வீணாகாது.

இனி, உள்ளே என்ன படிப்பிக்கிறார்கள் என்று கேட்டீர்கள். பாடங்களின் பெயர்களை இணையத்தில் பார்க்கலாம். எனக்கு எங்கே விளங்கியது என்பதைச் சொல்கிறேன்.

இரண்டாவது களப்பயிற்சிக்கு ஒரு மறுவாழ்வு வைத்தியசாலைக்குப் போனேன். அங்கே வடமராட்சியைச் சேர்ந்த ஓர் அம்மா, 74 வயது, வலக்கை பலவீனம். எங்களிடம் ஓர் அளவுகோல் உண்டு, கனடாவிலேயே உருவாகி 1991இல் வெளிவந்தது, சுருக்கமாக சி.ஓ.பி.எம். என்போம். உங்களுக்கு எந்தெந்தச் செயல்கள் முக்கியம் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றில் இருந்து பத்து வரை புள்ளி போடச் சொல்ல வேண்டும். பிறகு, இப்போது அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள், அதில் எவ்வளவு மனநிறைவு என்று கேட்க வேண்டும். குளிப்பது? "மகள் குளிப்பாட்டுவாள்." உடுப்பது? "மகள் இருக்கிறாள்." சமையல்? "மருமகள் பார்ப்பாள்." தாள் வெறுமையாக இருந்தது. அந்த அம்மா ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிடலாம் என்றுகூட நினைத்தேன். என் மேற்பார்வையாளருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவர் அவசரப்படாமல், "காலையில் எழும்பியதும் முதலில் என்ன செய்வார் என்று கேள்" என்றார்.

கேட்டேன். "முகம் கழுவி விளக்குக் கொளுத்துவேன்" என்றார். அது எவ்வளவு முக்கியம்? பத்து. இப்போது செய்ய முடிகிறதா? இடக்கையின் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். மனநிறைவு? அந்த விரலை அவர் இறக்கவே இல்லை.

அன்று இரவு, விளக்குக் கொளுத்துவதைப் படிப்படியாகப் பிரித்து எழுதினேன். எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருக வேண்டும். சிந்தாமல் வார்க்க வேண்டும். திரியை இரு விரல்களால் நுனி கூராக்க வேண்டும். தீப்பெட்டியை ஒரு கை பிடிக்க மறு கை உரச வேண்டும். சுடரை நடுங்காமல் கொண்டுபோக வேண்டும். இத்தனை நாளும் ஒரே செயல் என்று நினைத்திருந்தேன். ஒன்பது செயல்கள் வந்தன, ஏழுக்கு வலக்கை வேண்டும். வைத்தியசாலையில் நெருப்புக் கூடாது. ஆகவே திரியில் தொடங்கினோம். பஞ்சைப் பிய்த்து, உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து உருட்டித் திரிப்பது. இரண்டு கைகளும் சேர்ந்து இயங்க வேண்டிய வேலை அது, விரல் நுனிகளுக்கும் வேலை. பொம்மைக் குச்சிகளைத் துளையில் செருகும் பயிற்சிக்கு முகத்தைத் திருப்பிய அந்த அம்மா, பஞ்சுக்குக் கேட்காமலே கை நீட்டினார்.

முதல் திரி மயிர்க்கொட்டி போல மொத்தமாக, தளர்ந்து கிடந்தது. அவர் அதை எறியவில்லை, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு நாள் பஞ்சு கீழே விழுந்து விழுந்து அவர் களைத்துப்போனார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. எடுத்து, அந்த ஒரு திரியை நானே திரித்துக் கொடுத்துவிட்டேன். அவர் "சரி பிள்ளை" என்று வாங்கி, தன்னுடையவற்றோடு சேர்க்காமல் மேசையின் மற்றப் பக்கத்தில் தனியாக வைத்தார். மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டுதான் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. பத்து ஆண்டுகளாகியும் அந்தத் தனித் திரி என் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்குப் போகும் நாளில், வழுக்காத ரப்பர் விரிப்பில் தீப்பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி ஒரு கையால் உரசும் முறையை மகளுக்கும் காட்டினோம். அந்த அம்மா செய்யும் திறனுக்கு ஆறு போட்டார், மனநிறைவுக்கு எட்டு. இந்த அளவுகோலில் இரண்டு புள்ளி கூடினாலே பெரிய மாற்றம் என்பார்கள்.

தங்கச்சி, நம்முடைய வீடுகளில் நோயாளிக்கு எல்லாவற்றையும் நாமே செய்துகொடுப்பதுதான் பாசம். உங்கள் அம்மா இரண்டு தடவை எழும்பினாரே, அந்த எழும்பல் என் உடம்பிலும் இருக்கிறது. இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது அதை அடக்குவதுதான். உடற்கூற்றியலை ஒரு பருவத்தில் படித்துவிடலாம். கையை மடியில் வைத்துக்கொண்டு பதினொரு நிமிடம் இருக்க எனக்கு இரண்டு ஆண்டுகளும் தேவைப்பட்டன. அந்தப் பெண் அம்மாவின் மணிக்கட்டில் கை வைத்ததை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். அதனால்தான் விண்ணப்பியுங்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

காசு விடயம் சுருக்கமாக. ஓசாப், அதாவது மாகாண அரசின் மாணவர் நிதியுதவி, கிடைக்கும். களப்பயிற்சி ஆயிரம் மணித்தியாலங்களுக்குக் குறையாது, முழுநேரம், சம்பளம் இல்லை. அந்தக் கிழமைகளில் வேறு வேலை செய்ய முடியாது, அதற்கென்று இப்போதே கொஞ்சம் சேர்த்து வையுங்கள். முடித்த பிறகு தேசியப் பரீட்சை, அதன்பின் ஒன்ராறியோவின் ஒழுங்குமுறைக் கல்லூரியில் பதிவு (கல்லூரி என்று பெயர், ஆனால் படிக்கும் இடம் அல்ல, இந்தத் தொழிலை மேற்பார்க்கும் அமைப்பு).


வடலிநிழல் எழுதியது:

நான் இரண்டாம் ஆண்டு மாணவன். கொன்றைப்பூ அக்கா எழுதியதை வாசித்த பிறகு எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. உதவியாளர் டிப்ளோமாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது கல்லூரியில் இரண்டு ஆண்டுகள், மதிப்பான வேலை, எங்கள் களப்பயிற்சியில் நோயாளிகளை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் முதுமாணிக்கு அது ஏணிப்படி ஆகாது. உங்களிடம் இளமாணி ஏற்கெனவே இருக்கிறது, நேராக விண்ணப்பியுங்கள்.

உடற்கூற்றியலுக்கு நானும் பயந்தேன். நான் படித்தது வரலாறு. கை என்று ஒன்று, அதில் 27 எலும்புகள், முன்கையில் இருந்து கயிறு கயிறாக இறங்கும் தசைநாண்கள். மனப்பாடம் செய்து செய்து மறந்தேன். பிறகு ஒருநாள் சோறு சாப்பிடும்போது என் கையையே கவனித்தேன். விரல் நுனிகளால் குழைக்கிறோம். நான்கு விரல்களையும் வளைத்து அள்ளுகிறோம். வாய்க்குக் கொண்டுபோனதும் பெருவிரலின் முதுகால் முன்னே தள்ளுகிறோம். அந்தத் தள்ளல் இல்லையென்றால் சோறு விரல்களிலேயே நின்றுவிடும். எந்தத் தசை வளைக்கிறது, எந்தத் தசை பெருவிரலை நிமிர்த்துகிறது, எந்த நரம்பு அதற்குப் போகிறது என்று ஒவ்வொரு கவளத்துக்கும் பெயர் சொல்லிப் பார்த்தேன். அதன் பிறகு மறக்கவில்லை.

இதை வகுப்பில் சொன்னேன். சாப்பிடும் திறனை மதிப்பிடும் எங்கள் படிவங்கள் கரண்டியையும் முள்ளுக்கரண்டியையும் நினைத்து எழுதப்பட்டவை. கையால் சாப்பிடுபவருக்குக் கரண்டி பிடிக்கத் தெரிந்தால் தேறிவிட்டார் என்று எழுதுகிறோம். வலக்கை விழுந்த நம் பெரியவர் ஒருவர் இடக்கையால் சாப்பிடக் கூசிப் பட்டினி கிடப்பதை அந்தப் படிவம் பிடிக்காது. விரிவுரையாளர் அன்றைய மீதி வகுப்பை அதற்கே கொடுத்தார். நீங்கள் வந்தால் உங்களிடமும் இப்படிச் சொல்ல எவ்வளவோ இருக்கும். தயவுசெய்து வாருங்கள்.


பாலாற்றங்கரை எழுதியது:

இந்தியாவில் இருந்து இதை வாசிப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். நான் வேலூரில் படித்தவள். அங்கே வேறு பட்டத்தோடு முதுகலைக்குள் நுழைய முடியாது. பள்ளி முடித்ததும் இளநிலைப் படிப்பு, நான் படித்தபோது ஆறு மாதப் பயிற்சியோடு சேர்த்து நாலரை ஆண்டுகள். அதன் மேல்தான் இரண்டு ஆண்டு முதுநிலை. அப்படிப் படித்துவிட்டுக் கனடா வருபவர்கள் முதலில் தங்கள் படிப்பு இங்குள்ளதற்கு இணையானதா என்ற மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். நான் போனபோது சான்றிதழ்கள், இங்குள்ள சட்டம் பற்றிய தேர்வு, தொழில்திறன் மதிப்பீடு எல்லாம் அதில் இருந்தன. பிறகு அதே தேசியத் தேர்வு. எனக்குப் பொறுமை தேவைப்பட்டது. பாடத்திட்டத்தின் முழு விவரத்தையும் களப்பயிற்சி மணிக்கணக்கையும் கல்லூரியிடம் கையொப்பத்துடன் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். வந்த பிறகு கேட்டு வாங்குவது பெரும்பாடு.

திரி பற்றி வாசித்தபோது எங்கள் ஆசிரியர்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை மருத்துவர் பால் பிராண்ட் வேலூரில் அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போனவர்களுக்கு வேலை கொடுக்க ஆளில்லை. 1950களின் தொடக்கத்தில் நவஜீவ நிலையம் என்று குடிசைகள் போட்டு, அந்தக் கைகளுக்கு அங்கே தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்கள். உளியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்று உணர்ச்சியற்ற விரலுக்குத் தெரியாது, புண்ணாகிவிடும். அதனால் கருவிகளின் பிடியையே மாற்றினார்கள். கையைத் திருத்திவிட்டால் மட்டும் போதாது என்று நான் முதலில் புரிந்துகொண்டது அந்தக் கதையில்தான்.


மாரிக்குருவி எழுதியது:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கொன்றைப்பூ அக்கா, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தனித் திரி வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு எழும்பிக் குசினிக்குள் போனார். திரும்பி வந்து, "மீதியையும் வாசி" என்றார்.

அறிக்கையில் அப்பாவின் பொத்தானைப் பற்றி எழுத முடிவு செய்திருக்கிறேன். அது அவருடைய கதை என்பதால் நேற்று அனுமதி கேட்டேன். "எழுது. ஆனால் பதினொரு நிமிடம் என்று மட்டும் எழுதி விட்டுவிடாதே, இப்போது ஒரு நிமிடத்தில் பூட்டுகிறேன்" என்றார். மணிக்கூட்டை எடுத்துவரச் சொல்லிக் காட்டினார். ஒரு நிமிடமும் இருபது வினாடியும்.

கடிதம் யாரிடம் கேட்பது என்பதுதான் இன்னும் தெரியவில்லை. பேராசிரியர்களுக்கு என்னை நினைவிருக்காது.


கொன்றைப்பூ எழுதியது:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இரண்டு நேரங்களையும் எழுதுங்கள்.

கடிதத்துக்கு: ஒவ்வொரு பல்கலைக்கழகமும் யாரிடம் இருந்து எத்தனை கேட்கிறது என்பதை ஓர்பாஸ் பக்கத்தில் இந்த ஆண்டுக்கானதாகப் பாருங்கள், மாறிக்கொண்டிருக்கும். பேராசிரியருக்கு உங்கள் பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றை இணைத்து எழுதுங்கள். முகம் மறந்தாலும் எழுத்து நினைவுக்கு வரும். வேலையிடக் கடிதத்துக்கு உங்கள் வகுப்பு ஆசிரியரைக் கேளுங்கள். உங்கள் பாடசாலைக்குத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் வந்துபோவார், அனேகமாகப் பென்சில் பிடிக்கக் கஷ்டப்படும் பிள்ளைகளைப் பார்க்க. அவர் வரும் நாளில் அதிபரிடம் அனுமதி பெற்று அரை நாள் கூடவே நில்லுங்கள். பிள்ளையிடம் அவர் எதை முதலில் கேட்கிறார், எங்கே கையை நீட்டாமல் இருக்கிறார் என்று குறித்துக்கொண்டு வந்து எனக்கு எழுதுங்கள். அறிக்கையின் முதல் வரைவையும் அனுப்புங்கள். வாசித்துத் தருகிறேன்.